முன்பு வலிப்பு வந்ததுண்டா?

எனக்கு நடந்த பிரிவு உபசாரத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "கரெக்டா ரெண்டே வார்த்த" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சில மாதங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த வார்டுக்குப் புதிதாக வந்த சிஸ்டர் ஒருவர் போன் செய்தார். பக்கவாத நோயாளிகளைச் சேர்க்கும்போது கேட்கிற கேள்விகள் எல்லாம் இப்போது கணினிக்குள் போய்விட்டனவாம். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். ஒன்றைத் தொட்டால் போதும். "நீங்க இருந்தப்ப திரைய இழுத்துவுட்டு ஒவ்வொருத்தரையா தனியா கூப்ட்டு கேப்பீங்களாமே, அது எதுக்குண்ணே? அதுக்கெல்லாம் இப்ப நேரமே இல்ல" என்றார். போனில் என்னால் சொல்ல முடியவில்லை. "எழுதித் தர்றேன்மா" என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசகம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தட்டாஞ்சாவடியில் தகர டப்பா செய்யும் பட்டறையில் இருந்தேன். அது மூடியதும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தரை துடைத்தேன், பிறகு ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், பிறகு உடம்பு துடைக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் கற்றுக்கொண்டேன். பக்கவாதத்துக்கென்று தனி வார்டு திறந்தபோது என்னை அங்கே போட்டார்கள். முதுகெலும்பு தேய்ந்து ஐம்பத்தாறு வயதில் நானாக வேலையை விட்டு நிற்கும் வரை அந்த வார்டுதான்.

அந்த வார்டுக்குப் பொறுப்பு பிலோமினா சிஸ்டர். குள்ளமான உருவம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே போகும். அப்போது நாம்தான் குனிந்து கேட்க வேண்டும். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், வலிப்பு வந்தால் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பது.

"பயத்துல ஒரு நிமிசம் பத்து நிமிசமா தெரியும் கலியா. அப்பறம் நீ டாக்டர்கிட்ட தப்பா சொல்லுவ. மொதல்ல மணியப் பாரு. அப்பறம் எந்தக் கை, எந்த வெரல்ல ஆரம்பிச்சிதுன்னு பாரு. ஒருக்களிச்சுப் படுக்க வையி. வாயில எதையும் வைக்காத. கைய காலப் புடிச்சு அமுக்காத. அவ்ளோதான் ஒன் வேல."

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் "ஒம்போது நாப்பதுக்கு, எடது கட்ட வெரல், வாய் எடப்பக்கம் கோணுச்சு, ரெண்டு நிமிசம் பத்து செகண்டு" என்று சொன்னால் சிஸ்டர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். நான் சொன்னதை அதற்கு முன் யாரும் எழுதிக்கொண்டதில்லை.

பக்கவாதம் வந்த எல்லோருக்கும் வலிப்பு வராது. வரக்கூடியவர் யார் என்று முதல் நாளே ஓரளவு கணிக்கலாம் என்று எங்கள் வார்டு டாக்டரம்மா சொல்வார். ரத்தம் அடைத்துக்கொண்டதா, கசிந்துவிட்டதா என்பது ஒன்று. கசிந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். மூளையின் ஆழத்திலா, மேல்பரப்பை ஒட்டியா என்பது இன்னொன்று. மேல்பரப்பை ஒட்டியிருந்தால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சேதம் பெரிதாக இருந்தாலும் அப்படித்தான். இவையெல்லாம் ஸ்கேனில் தெரிந்துவிடும். ஸ்கேனில் தெரியாதவை ஐந்து. அவற்றை பிலோமினா சிஸ்டர் கட்டிலருகே நின்று விரல் மடக்கிக் கேட்பார். காய்ச்சல் உண்டா. சர்க்கரைக்கு என்ன மருந்து, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. குடி உண்டா, கடைசியாக என்றைக்கு. உப்பைக் குறைத்திருக்கிறாரா, வாந்தி பேதி ஆனதா. ஐந்தாவது, முன்பு வலிப்பு வந்ததுண்டா.

கேட்கும்போது சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். நோயாளியின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்பார். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லிவிடுவார்களாம்.

அப்படியும் சொல்வார்கள். "சாமி சத்தியமா தொட மாட்டாருங்க" என்று ஒரு மனைவி சொன்ன ஆளுக்கு மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைப் போர்வையிலிருந்து தட்டிவிட ஆரம்பித்து, மத்தியானம் வலிப்பு வந்தது. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வருவது அது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், பழைய சொல்தா, பட்டாளத்துக்காரர். பிரஷருக்குப் பயந்து மகள் உப்பே போடாமல் மாதக்கணக்கில் சமைத்துப் போட்டிருக்கிறாள். அதோடு நீர் பிரியும் மாத்திரை வேறு. ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்பு வந்தது. தெளிந்ததும் 'ஐயா' என்பதை பிரெஞ்சில் சொல்லி அவர் என்னிடம் கேட்டது, "மிசே, இங்கயாவது கொஞ்சம் ஊறுகா கெடைக்குமா?" மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

எழுத வேண்டியது இவற்றைப் பற்றி அல்ல. ஏழுமலையைப் பற்றி.

பாகூர் பக்கத்துக்காரர். நாற்பத்தெட்டு வயது. கொஞ்சம் நிலம் உண்டு. வேலை தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி கம்பெனியில். காலை ஷிப்டில் நின்றுகொண்டிருந்தவர் வலது கை வலது கால் விழுந்து சாய்ந்திருக்கிறார். வந்தபோது நினைவு இருந்தது. பேச்சு குழறியது, ஆனாலும் இரண்டு மூன்று வார்த்தை வந்தது. மனைவியை "அஞ்சல" என்று தெளிவாகவே கூப்பிட்டார். முதல் ஸ்கேனில் இடது பக்கம், மேல்பரப்பை ஒட்டி ரத்தக்கசிவு. இன்னும் துல்லியமாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா.

அதற்கு முன் சிஸ்டர் ஐந்து கேள்வியையும் கேட்டுவிட்டார். கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அஞ்சலை, கல்யாணத்துக்கு நிற்கும் மகள், ஏழுமலையின் தம்பி. அவர்களோடு மகளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். சாத்துக்குடிப் பையோடு வந்து கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"முன்ன வலிப்பு வந்திருக்கா?"

"அதெல்லாம் எங்க வம்சத்துலயே கெடையாதுங்க" என்றார் தம்பி. அஞ்சலை குனிந்து போர்வையைச் சரிசெய்தார். சிஸ்டர் எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு போகக்கூடாது. உடை மாற்றி, உடம்பில் உள்ளதையெல்லாம் கழற்றி வீட்டாரிடம் கொடுப்பது என் வேலை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அஞ்சலையை மட்டும் வைத்துக்கொண்டு கழற்றினேன். அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி இருந்தது. பழைய காலத்து இரும்புச் சாவி, விரல் நீளம். பல் தேய்ந்து மழுங்கியிருந்தது. எந்தப் பூட்டையும் அது திறக்காது. ஏழுமலை இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு "குடு... குடு..." என்றார்.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு சாவி இருந்தது. என் அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று அம்மா அவள் இடுப்பிலேயே கட்டிவிட்டிருந்தாள். இரும்பால் ஒன்றும் நிற்காது, அது தானாகவேதான் நிற்கும் என்பது வார்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுக் காபியைப் பாதியில் வைத்து எழுந்து போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. வலிப்பு வீடு என்று எனக்கும் யாரும் பெண் கொடுக்கவில்லை. குருசுக்குப்பத்தில் ஒரே அறையில் அக்காவும் நானும் இருந்தோம். ஒரு காய்ச்சலில் அவள் போன பிறகு நான் மட்டும்.

சாவியை அஞ்சலையிடம் நீட்டினேன். வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்ததும் நான் கண்டுகொண்டது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, சொல்லிடாதீங்கண்ணே. வைகாசியில கல்யாணம். அந்த மாமங்காரன் வெளிய ஒக்காந்துருக்கான். காத்துல விழுந்தா முடிஞ்சிது."

"மாத்திர சாப்புடுறாராம்மா?"

"பதினெட்டு வருசமா. கடலூர் போய்தான் வாங்கியாறோம். இங்க வாங்குனா யாராவது பாத்துடுவாங்க. அவரு தம்பிக்கே தெரியாது. மாத்திரைய நானே எப்படியாவது குடுத்துடுறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

சரி என்று தலையாட்டினேன். பயந்து ஆட்டவில்லை. அவர் எதற்காக மறைக்கிறார் என்பது அந்தக் கட்டிடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அக்காவுக்காக எங்கள் அம்மா இப்படி ஒருவர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தால், அவரும் தலையாட்டியிருந்தால், என்று தோன்றியது. முதல் தடவை நான் வாய் திறக்காமல் இருந்தது அப்போது.

அன்று அவருக்கு வாய்வழியாக எதுவும் கூடாது. அந்த அட்டையைக் கட்டிலில் மாட்டியவனே நான்தான். தண்ணீர்கூடப் புரையேறிவிடும். அப்படியானால் மாத்திரை எப்படிப் போகும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. நாளைக்கு மூக்கில் டியூப் போட்டுவிடுவார்கள், வீட்டாரே கஞ்சி ஊற்றுவார்கள், அதில் கரைத்துக் கொடுத்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் டியூப் போட்டார்கள். அஞ்சலை மாத்திரையை நசுக்கிக் கஞ்சியில் போட்டிருக்கிறார். சரியாகப் பொடியாகவில்லை. டியூப் அடைத்துக்கொண்டது.

பிலோமினா சிஸ்டர் தண்ணீர் விட்டுப் பார்த்தார், இறங்கவில்லை. "கஞ்சியில என்னம்மா கலந்த?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். கஞ்சி கெட்டியா போயிடுச்சு."

"கஞ்சி இப்பிடி வெள்ளையா மணல் மாதிரி நிக்காதே." சிஸ்டர் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேசின் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அது இரண்டாவது தடவை. டியூபைக் கழற்றிவிட்டார்கள். அடுத்தது போடச் சாயந்திரமாகிவிட்டது. அஞ்சலைக்குப் பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. பிறகு மாத்திரை போடவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, பார்வையாளர் நேரம். பதினொன்று இருபதுக்கு ஏழுமலையின் வலது கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. பிறகு கை, பிறகு வாய், பிறகு முழு உடம்பும். மணியைப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சிஸ்டர் ஓடிவந்தார், டாக்டரம்மாவும் வந்தார். ஊசி போட்டார்கள். நின்றது போல் நின்று மறுபடியும் வந்தது. இன்னொரு ஊசி. நினைவு திரும்பாமலே மூன்றாம் முறை வந்தது. ரத்தக்கசிவு கூடிவிட்டதா, உப்பு இறங்கிவிட்டதா என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார். மறுபடி ஸ்கேனுக்குத் தயார் பண்ணச் சொன்னார். வராந்தாவில் நின்ற வீட்டாரிடம் வந்து கேட்டார்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இவருக்கு முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருக்கா? ஏதாவது மாத்திர சாப்பிடுறாரா?"

"இல்லவே இல்லிங்க" என்றார் தம்பி.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அஞ்சலையைப் பார்த்தார். "இருந்தா சொல்லுங்க தங்கச்சி. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில், எல்லாமே நினைத்துக்கொள்வார் என்று தெரிந்தது.

அஞ்சலை என்னைப் பார்த்தார். தலையை இல்லை என்று ஆட்டினார். டாக்டரம்மாவுக்குப் பதிலாகவும் எனக்குக் கெஞ்சலாகவும் அந்த ஒரே ஆட்டல்.

நான் வாய் திறக்காத மூன்றாவது தடவை அது. டாக்டரம்மா உள்ளே திரும்பிவிட்டார். நான் ஸ்கேனுக்காக ஸ்ட்ரெச்சரின் பட்டையை அவிழ்த்தேன். கை பட்டையில் இருந்தது, கண் கடிகாரத்தில் இருந்தது. அக்காவுக்கு இவ்வளவு நேரம் வந்ததே இல்லை.

"டாக்டரம்மா, ஒரு நிமிசம் இந்தப் பக்கம் வாங்க" என்றேன். அத்தனை வருடத்தில் நானாக அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. துணி அறைக்குள் போய்ச் சொன்னேன். சாவி, கடலூர், பதினெட்டு வருடம், நசுக்கின மாத்திரை. கதவுக்கு வெளியே யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன்.

"மாத்திர பேரு?"

"அந்தம்மா பையில இருக்கும்."

"எப்பலேர்ந்து ஒனக்குத் தெரியும்?"

"முந்தாநாள்லேர்ந்து."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார். அஞ்சலையை மட்டும் ஏதோ கையெழுத்துக்கு என்று உள்ளே கூப்பிட்டுப் பையை வாங்கிப் பார்த்தார். அது திடீரென்று நிறுத்தவே கூடாத மாத்திரை. நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவந்துவிடும். ஏற்கெனவே வலிப்பு உள்ளவர், மேல்பரப்பில் ரத்தக்கசிவு, அதற்கு மேல் மருந்தும் நின்றுபோயிருக்கிறது. மருந்தை மாற்றிப் போட்டார்கள். சிறிது நேரத்தில் அடங்கியது.

வலிப்பு ஆரம்பித்தபோது மணி பதினொன்று இருபது. நான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டபோது பதினொன்று நாற்பத்தாறு. கடிகாரம் பார்க்கப் பழகியவனுக்கு இதுதான் தண்டனை. நான் எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்பது எனக்கு நிமிடக் கணக்காகத் தெரியும்.

டாக்டரம்மா வெளியே வந்து, "மூளையில ரத்தம் கசிஞ்சா வலிப்பு வர்றது உண்டு. இப்ப நின்னுடுச்சு" என்று மட்டும் எல்லோருக்கும் சொன்னார். பொய் இல்லை. தாய்மாமன் சாத்துக்குடிப் பையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

ஏழுமலை பிழைத்தார். ஆனால் நினைவு திரும்பியபோது இருந்த இரண்டு மூன்று வார்த்தையும் போயிருந்தது. அஞ்சலையைப் பார்த்து வாயைத் திறப்பார், காற்றுதான் வரும். அது ரத்தக்கசிவால் போனதா, வலிப்பு நீண்டதால் போனதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பிரிச்சு சொல்ல முடியாது கலியபெருமாள்" என்றார்.

வலிப்பு வந்த அன்று மத்தியானமே துணி அறையில் பிலோமினா சிஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். விரிப்பு மடித்துக்கொண்டே கேட்டார்.

"சொல்றதுக்கு எத்தன தடவ எடம் இருந்துச்சு ஒனக்கு?"

"மூணு தடவ."

அடுத்த விரிப்பை எடுத்தார். ஓரம் சேர்த்து மடித்து வைத்தார். பிறகு குரல் கீழே போயிற்று. நான் குனிந்தேன். "அத்தன பேர வச்சிக்கிட்டு நான் கேட்டதும் தப்புதான். நாளையிலேர்ந்து அந்த அஞ்சாவது கேள்விய நீ கேளு."

"எனக்குப் பேச வராது சிஸ்டர்."

"வராதவன் கேட்டாத்தான் சொல்லுவாங்க."

அப்படித்தான் திரை வந்தது. மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிடுவேன். மனைவியோ அம்மாவோ, நோயாளியின் துணி துவைக்கிறவர் யாரோ அவரை மட்டும் நிறுத்திக்கொள்வேன். முதலில் சும்மா கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் இல்லை என்றார்கள். பிறகு ஒரு நாள் என்னை அறியாமல், "எங்க அக்காவுக்கு வலிப்பு இருந்துதும்மா. நாங்களும் மறச்சோம்" என்று வந்துவிட்டது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எம் பையனுக்கு ஏழு வயசுல வந்துச்சு" என்றார். அதன் பிறகு அப்படித்தான் கேட்டேன். அக்காவைப் பற்றி என் கூட வேலை செய்தவர்கள் ஒருவருக்கும் தெரியாது. முன்பின் தெரியாத எத்தனையோ பெண்களுக்குத் தெரியும். அவளைப் பற்றி நான் பேசியதெல்லாம் அந்தத் திரைக்குள்தான். அவர்கள் வீட்டுக்குப் போனதும் அவளும் போய்விடுவாள். போனில் கேட்ட புது சிஸ்டருக்கு என் பதில் இதுதான்: கட்டத்தைத் தொடுங்கள், ஆனால் மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் தொடுங்கள்.

அஞ்சலை மாதாமாதம் ஏழுமலையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார். என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மகள் கல்யாணத்துக்கு வார்டில் சிஸ்டருக்கும் காவலாளிக்கும்கூடப் பத்திரிகை வைத்தார். எனக்கு வைக்கவில்லை. அது எனக்குப் புரிந்தது. பந்தியில் நான் உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு காலையில் அவர் மட்டும் வந்தார், தன் பிரஷரைப் பார்த்துக்கொள்ள. வெளிநோயாளிப் பிரிவு வராந்தாவில் நானும் முதுகு வலிக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தார்.

"அவரு போயிட்டாருண்ணே. ஆடியில."

"வலிப்பாம்மா?"

"இல்ல. தூக்கத்துல. வலிப்பு அன்னைக்கு வந்ததோட சரி." கொஞ்ச நேரம் டோக்கனை மடித்துப் பிரித்தார். "அஞ்சு வருசம் ஒரு வார்த்த பேசல. கடைசி வரைக்கும் எம் பேரக் கூப்புடல."

நான் என் டோக்கனைச் சட்டைப்பையில் வைத்தேன்.

"நீங்க மொத நாளே சொல்லியிருக்கலாம்ணே."

நீங்கள்தானே சொல்லாதே என்றீர்கள் என்று என் நாக்கு வரை வந்தது. அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். அவருக்கு மறைக்க ஒரு மகள் இருந்தாள். எனக்கு அப்படி யாரும் இல்லை.

"ஆமாம்மா. சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அவர் எண்ணைக் கூப்பிடும் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.